ஆடாசிட்டி: வேட்கையில் பிறந்த துணிச்சல்

ஆங்கிலத்தில் துணிச்சலைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 'ஆடாசிட்டி' என்னும் சொல்லைப்போல், ஒருவரைப் புகழவும் பழிக்கவும் ஒரே வடிவில் நின்று பயன்படும் சொல் அவற்றுள் அரிது. தன் படையைவிடப் பல மடங்கு பெரிய படையை இரவோடிரவாகத் தாக்கி வென்ற தளபதியை ஆங்கில வரலாற்றாசிரியர் இச்சொல்லால் மெச்சுவார். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர் அடுத்த கடனைக் கேட்டு வந்து கதவைத் தட்டினால், கடன் கொடுத்தவரும் இதே சொல்லைச் சொல்லித்தான் கொதிப்பார். 'என்ன தைரியம்!' என்னும் தொடர், சொல்பவரின் குரலைப் பொறுத்துப் பாராட்டாகவோ கண்டிப்பாகவோ மாறுவதை அறிந்த தமிழர்களுக்கு இது பெரும் புதிரன்று. எனினும் ஆங்கில அகராதிகள் இதைக் குரலின் வேறுபாடாக விட்டுவிடாமல், இரு தனிப் பொருள்களாகவே பிரித்துப் பதிவு செய்கின்றன: ஆபத்தைப் பொருட்படுத்தாமல் இறங்கும் துணிவு ஒன்று, பெரியோரையும் வழக்கத்தையும் மரியாதையையும் பொருட்படுத்தாத துடுக்குத்தனம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்பதை அறிய, ஆங்கிலம் என்றொரு மொழி உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ரோமாபுரிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

துணிதல் என்னும் பொருள் கொண்ட 'அவுதேரே' என்னும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்தே இச்சொல் பிறந்தது. துணிச்சல் மிக்கவரைக் குறிக்கும் 'அவுதாக்ஸ்' என்னும் பெயரடையும், துணிச்சலைக் குறிக்கும் 'அவுதாக்கியா' என்னும் பெயர்ச்சொல்லும் அதன் வழிவந்தவை. இடைக்கால இலத்தீனில் அவற்றுக்குச் சற்று நீண்ட இன்னொரு பெயர்ச்சொல் வடிவம் உண்டாகி, அது 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை வந்தடைந்தது. ஆனால் ஆய்வாளர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. 'அவுதேரே' என்பது, ஆவல் மிகுந்த, பேராசை கொண்ட என்னும் பொருள்களையுடைய 'அவிதுஸ்' என்னும் பெயரடையிலிருந்தும், அந்த 'அவிதுஸ்' ஏங்குதல், வேட்கை கொள்ளுதல் என்னும் பொருளையுடைய 'அவேரே' என்னும் வினையிலிருந்தும் வந்தவை என்று அவர்கள் காட்டியிருக்கின்றனர். புத்தகங்களை விழுந்து விழுந்து படிக்கும் வாசகரை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஆவிட்' என்னும் சொல்லும், பொருளாசையைக் குறிக்கும் 'ஆவரிஸ்' என்னும் சொல்லும் இதே வேரின் கிளைகள். ஆகவே, துணிவு என்று இன்று பொருள்படும் இச்சொல் தொடக்கத்தில் துணிவைக் குறிக்கவில்லை, ஆசையையே குறித்தது.

இந்த மாற்றம் வெறும் ஊகமன்று என்பதற்கு இலத்தீன் மொழியிலேயே சான்று எஞ்சியிருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகைச்சுவை நாடகங்களை எழுதிய பிளாட்டஸின் பாத்திரங்கள் 'சி அவுதேஸ்' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றன. பிற்கால இலத்தீனை மட்டும் அறிந்தவருக்கு அது 'உனக்குத் துணிவிருந்தால்' என்னும் அறைகூவலாகத் தோன்றும். நாடகத்திலோ அது 'உனக்கு விருப்பமானால்', 'தயவுசெய்து' என்னும் பணிவான வேண்டுகோள். அன்றாடப் பேச்சில் அத்தொடர் 'சோதேஸ்' என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டதைப் பேச்சுக்கலை பற்றிய தம் நூலில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் குறித்துவைத்திருக்கிறார். ஒன்றை விரும்புதல் என்பது, அதை அடைய முன்வருதல் என்றாகி, முன்வருவதில் உள்ள ஆபத்தை ஏற்றல் என்றாகி, இறுதியில் துணிதல் என்று நிலைபெற்றது. விருப்பம் தணிந்தவர்கள் துணிவதில்லை என்பது அனைவரும் கண்ட உண்மையாதலால், இந்தப் பொருள் வளர்ச்சியில் வலிந்து பொருத்தியது எதுவுமில்லை.

'அவேரே' என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழின் 'அவா' நினைவுக்கு வருவது இயல்பே. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருவதைக் கண்டு இரண்டையும் உறவாக்கிவிடத் தோன்றும். ஆனால் இரு மொழிகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, தொடர்பைக் காட்டும் இடைநிலைச் சான்றுகளும் இல்லை, ஆகவே இதைத் தற்செயல் ஒற்றுமை என்று கொள்வதே நேர்மை. தமிழில் துணிவு உண்டான வழியும் வேறு. 'துணி' என்னும் வினை, அறுபடுதல் என்னும் பொருளிலிருந்து ஐயம் அறுத்து முடிவெடுத்தல் என்னும் பொருளுக்கு வந்து, அங்கிருந்து அஞ்சாது இறங்குதல் என்னும் பொருளை அடைந்தது. தமிழ்ச்சொல் முடிவிலிருந்து வந்தது. இலத்தீன் சொல் வேட்கையிலிருந்து வந்தது.

வேட்கையில் பிறந்ததாலோ என்னவோ, ரோமானியர்கள் 'அவுதாக்கியா'வைப் பெரும்பாலும் நம்பவில்லை. போர்க்களத்தில் உறுதியாக நிற்கும் வீரத்துக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. ஆண்மை, மேன்மை ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் 'விர்த்தூஸ்', மன உறுதியைக் குறிக்கும் 'ஃபோர்த்தித்தூதோ' ஆகியவை குடிமகனுக்குரிய நற்பண்புகளாக மதிக்கப்பட்டன. 'அவுதாக்கியா' அந்த வரிசையில் இல்லை. கட்டுப்படாத, எல்லை மீறிய, யாரையும் மதிக்காத துணிச்சலுக்கே அந்தப் பெயர் பெரிதும் ஒதுக்கப்பட்டிருந்தது.

இதற்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கி.மு. 63ஆம் ஆண்டு நவம்பரில் ரோமாபுரியின் மேலவை கூடிய ஒரு கோயிலில் நிகழ்ந்தது. அவ்வாண்டு கன்சல் என்னும் தலைமைப் பதவியில் இருந்த சிசரோ, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்வதாகத் தாம் கருதிய லூசியஸ் செர்ஜியஸ் காட்டிலினா என்னும் உயர்குடிப் பிறப்பாளர் அதே அவையில் வந்து அமர்ந்திருக்கக் கண்டு, அவரை நேருக்கு நேர் நோக்கித் தொடர் வினாக்களால் தாக்கினார். அந்த உரையின் தொடக்க வினாக்களில் ஒன்றின் மையத்தில் நிற்பது 'அவுதாக்கியா'. அதற்கு அவர் இட்ட அடைமொழி, கடிவாளம் கழன்ற குதிரையைக் குறிக்கும் சொல். ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீன் படித்த தலைமுறைகள் பல இந்த உரையை மனப்பாடம் செய்தே வளர்ந்தன என்பதால், 'அவுதாக்கியா' என்றாலே காட்டிலினாவின் முகம் தோன்றும் நிலை உண்டாயிற்று.

சிசரோவின் எழுத்துகளில் இச்சொல் வெறும் குணப்பெயராக நிற்கவில்லை, அரசியல் முத்திரையாகவே இயங்கியது என்பதை வரலாற்றறிஞர் ஹயிம் விர்சுப்ஸ்கி 1961இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று விளக்குகிறது. நிலவும் ஒழுங்கைக் காப்பவர்கள் தங்களை 'நல்லோர்' என்று அழைத்துக்கொண்டனர். அந்த ஒழுங்கை அசைக்க முயன்றவர்களை, நோக்கம் எதுவாயினும், 'அவுதாக்கேஸ்', அதாவது துணிச்சல்காரர்கள் என்று பழித்தனர். நிலப்பங்கீடு கேட்டவர், கடன் தள்ளுபடி கேட்டவர், மக்களைத் திரட்டித் தெருவில் இறக்கியவர் ஆகிய எல்லார்மீதும் இம்முத்திரை விழுந்தது. சிசரோவே தம் குடும்பத்தில் கன்சல் பதவியை எட்டிய முதல்வர். ரோமானியர் 'புதிய மனிதர்' என்று சற்று இளக்காரமாகக் குறித்த வகையைச் சேர்ந்தவர். பழைய உயர்குடிப் பெருமக்களின் கண்ணில் அவர் ஏற்றமே ஒரு துணிச்சல்தான். மேலே ஏறிவந்தபின் அவரும் அதே சொல்லைத் தமக்குக் கீழே நின்றவர்கள்மீது வீசினார் என்பதை, இச்சொல்லின் வரலாற்றை எழுதும் எவரும் கடந்துபோகக் கூடாது. ஒருவரது செயலைத் துணிவு என்பதா திமிர் என்பதா என்பதைச் செயலின் தன்மை மட்டும் முடிவு செய்வதில்லை. சொல்பவர் எந்தப் படிக்கட்டில் நிற்கிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

காட்டிலினாவின் வரலாற்றை எழுதிய சல்லஸ்ட்டிடம் இச்சொல் ஒரு வியப்பான திருப்பத்தை அடைகிறது. தம் நூலில் பெரும்பாலும் காட்டிலினாவின் சீரழிவைச் சுட்டும் பழிச்சொல்லாக 'அவுதாக்கியா'வை ஆண்டுவந்த அவர், கி.மு. 62ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பிஸ்டோரியா அருகே நடந்த இறுதிப் போரை விவரித்து முடிக்கையில், அந்தத் தோற்ற படையினரிடம் எத்தகைய 'அவுதாக்கியா'வும் நெஞ்சுரமும் இருந்தன என்பது போர் ஓய்ந்த பின்னரே புலப்பட்டது என்று எழுதுகிறார். விழுந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் தாங்கள் நின்று போரிட்ட இடத்திலேயே கிடந்தனர். காட்டிலினாவோ தம் ஆட்களை விட்டு வெகுதூரம் முன்னேறி எதிரிகளின் சடலங்களுக்கு நடுவே கிடந்தார். பழிச்சொல்லை அவர் மாற்றவில்லை. ஆனால் அச்சொல் நிற்கும் இடம் மாறியதும் அதில் மதிப்பு ஏறிவிட்டது. ஆங்கிலச் சொல்லின் இருமுகமும் இந்த ஒரே நூலுக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

கவிஞர்களும் இச்சொல்லை எளிதில் விட்டுவிடவில்லை. கடலேறும் நண்பர் வர்ஜிலை வழியனுப்பும் பாடலில், வானிலிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்குத் தந்த புரோமிதியஸை ஹோரஸ் 'அவுதாக்ஸ்' என்றே குறிக்கிறார். மனித நாகரிகத்தின் முதல் கொடை அங்கே தெய்வ நியதியை மீறிய குற்றமாகவும் இருக்கிறது. துணிந்தவரை நல்லூழ் ஆதரிக்கும் என்னும் கருத்தைப் பல மொழிகளில் பழமொழியாக்கிய பெருமை வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்துக்கு உண்டு. ஆனால் காவியத்தில் அதைச் சொல்பவன் நாயகன் ஈனியாஸ் அல்லன், அவனை எதிர்த்துப் போரிடும் டர்னஸ் என்பதும், காவியம் டர்னஸின் மரணத்தோடு முடிகிறது என்பதும் மேற்கோள் காட்டுவோர் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, கரையில் சிக்கியவர்களை மீட்கக் கப்பல் செலுத்திய மூத்த பிளினி, திரும்பிவிடலாம் என்று வற்புறுத்திய மாலுமியிடம் இக்கருத்தையொத்த பழமொழி ஒன்றைச் சொல்லி முன்னேறியதாக அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி ஒரு கடிதத்தில் தெரிவிக்கிறார். மறுநாள் ஸ்டாபியே கடற்கரையில் மூத்த பிளினி உயிரிழந்தார்.

ரோமானியருக்கு முன்பே கிரேக்கர்கள் இதே சிக்கலை மெய்யியல் வினாவாக்கியிருந்தனர். 'தார்சோஸ்' என்பது அவர்களிடம் நம்பிக்கையோடு கூடிய துணிவைக் குறித்தது. எழுத்துகள் இடம் மாறிய அதன் மறுவடிவமான 'த்ராசோஸ்' நாளடைவில் மூர்க்கத் துணிச்சலுக்கு உரியதாயிற்று. அரிஸ்டாட்டில் தம் அறநூலில், அச்சம் மிகுந்தால் கோழைத்தனம், நம்பிக்கை மிகுந்தால் மூர்க்கத் துணிச்சல், இரண்டுக்கும் நடுவில் அளவறிந்து நிற்பதே வீரம் என்று வகுத்தார். அதைவிடக் கூர்மையானது அவர் கண்டுரைத்த இன்னொரு செய்தி: இத்தகைய துணிச்சல்காரர்களில் பலர் உள்ளுக்குள் கோழைகள், ஆபத்து வருமுன் அதை வரவேற்று ஆர்ப்பரிப்பார்கள், வந்தபின் தாங்கமாட்டார்கள். உண்மையான வீரரோ முன்னதாக அமைதியாக இருந்து, செயலின்போது விரைந்து இயங்குபவர். இப்படிப்பட்ட துணிச்சல்காரருக்கென்று துணிவையும் கோழைமையையும் ஒட்டவைத்த ஒரு கூட்டுச்சொல்லையே அவர் பயன்படுத்தினார்.

இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஒரு சுவையான சுற்றம் உண்டு. துணிதலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் நாட்டுச்சொல்லான 'டேர்' என்பதும், கிரேக்க 'தார்சோஸ்' என்பதும், சமஸ்கிருதத்தின் 'த்ருஷ்' என்னும் வேரும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. மகாபாரதக் கதையை அறிந்த தமிழர்கள் அனைவரும் அந்த வேரை ஒரு பெயரில் கேட்டிருக்கிறார்கள்: திரௌபதியின் உடன்பிறந்தவனும் பாண்டவர் படையின் தலைவனுமான திருஷ்டத்யும்னன். அப்பெயரின் முற்பகுதியாகிய 'திருஷ்ட' என்பது துணிவுடைய என்று பொருள்படும். வடமொழி அணி நூல்களில் காதல் தலைவர்களை நால்வகையாகப் பிரிக்கும்போது அதே 'திருஷ்டன்', தவறு கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் வெட்கப்படாமல் நிற்பவனுக்குப் பெயராகிறது. வீரன் பெயரில் புகழாகவும் காதலன் பெயரில் பழியாகவும் நிற்கும் இச்சொல்லின் நிலை, இலத்தீன் சொல்லின் நிலையிலிருந்து சிறிதும் வேறன்று. ஆயுதம் கீழே வைத்த துரோணரைக் கொன்ற திருஷ்டத்யும்னனின் செயலே துணிவா அடாத செயலா என்று பாரதத்துக்குள்ளேயே வழக்காடப்படுவதை எண்ணும்போது, அப்பெயர் அவனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது தெளிவாகும்.

இடைக்கால ஐரோப்பாவில் 'அவுதாக்கியா'வின் மேல் படிந்திருந்த பழியை ஓரளவு துடைத்தவர் தாமஸ் அக்வினாஸ். 1265இல் தொடங்கி முடிக்காமலேயே விட்ட தம் பெரும் இறையியல் தொகுப்பில், மனித உள்ளத்தின் உணர்ச்சிகளைப் பதினொன்றாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக அவர் 'அவுதாக்கியா'வை வைத்தார். நெருங்கி வரும் தீங்கைக் கண்டு விலகும் உணர்ச்சி அச்சம். அதை எதிர்த்துச் செல்லும் உணர்ச்சி துணிச்சல். உணர்ச்சி என்ற அளவில் அது நன்றும் அன்று, தீதும் அன்று. அறிவின் ஆட்சிக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே அதன் தரத்தை முடிவு செய்யும். அறிவை மீறி அளவு கடந்தபோது அது பாவம் என்பதை வேறோர் இடத்தில் தனியே அவர் ஆராய்கிறார். ஆயினும் அவர் எழுதியவற்றுள் இச்சொல்லின் வரலாற்றுக்கு மிக முக்கியமானது, துணிச்சல் எதிலிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை: அது நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. வெல்ல முடியும் என்னும் நம்பிக்கை இல்லாதவர் ஆபத்தை நோக்கி நடப்பதில்லை. வேட்கையே துணிவின் தாய் என்று சொல்லின் வேர் காட்டியதை, அந்த வேரை நம்பாமலேயே அக்வினாஸ் தம் உளவியலால் சென்றடைந்தார்.

இத்தனை நூற்றாண்டுகளின் சுமையோடுதான் இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே அதற்கு முன்பே குடியிருந்த சொற்கள் பல. 'போல்ட்' என்னும் ஜெர்மானிய வழிச்சொல் மிகப் பழையது. பால்ட்வின், ஆர்ச்சிபால்ட், லியோபோல்ட் முதலிய ஐரோப்பியப் பெயர்களுக்குள் இன்றும் அது மறைந்திருக்கிறது. 'கரேஜ்' என்பது இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெட்கமின்மையைக் குறிக்கும் 'எஃப்ரன்டரி' என்பதன் அடியில் நெற்றியைக் குறிக்கும் சொல் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே 'ஆடாசிட்டி' கற்றோர் சொல்லாக, எழுத்தில் வாழும் சொல்லாக வந்து சேர்ந்தது. துணிச்சலைப் பற்றி 1625ஆம் ஆண்டுப் பதிப்பில் தனிக் கட்டுரையே எழுதிய பிரான்சிஸ் பேக்கன், நாட்டுச்சொல்லான 'போல்ட்னஸ்' என்பதையே தலைப்பாக்கினாலும், அவர் சொன்னவை ரோமானியர் 'அவுதாக்கியா'வைப் பற்றிச் சொன்னவற்றின் எதிரொலியே: அது அறியாமையின் பிள்ளை, ஆபத்தைக் காணாத குருடு, ஆகவே ஆலோசனைக்கு ஆகாது, பிறர் வழிகாட்ட நிறைவேற்றுவதற்கு மட்டுமே உதவும், மக்களாட்சி நாடுகளில் அது அற்புதங்களைச் செய்திருக்கிறது, மேலவைகளிடமும் அரசர்களிடமும் அவ்வளவாகப் பலிக்கவில்லை. இந்தக் கடைசிக் கருத்தைப் பேக்கன் குறையாகவே எழுதினார். ஆனால் துணிச்சல் யாருடைய கருவி என்பதை அவரை அறியாமலே அது காட்டிக்கொடுக்கிறது.

அதற்கு விடை 1792இல் பாரிசிலிருந்து வந்தது. பிரஷ்யப் படை பிரான்சுக்குள் புகுந்து, ஆகஸ்ட் மாத இறுதியில் லோங்வி கோட்டையைக் கைப்பற்றி, வெர்தன் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. வெர்தன் வீழ்ந்தால் தலைநகருக்குச் செல்லும் வழி திறந்துவிடும் என்று மக்கள் நடுங்கினர். அமைச்சர்கள் சிலர் பாரிசை விட்டு வெளியேறிவிடலாம் என்றுகூட எண்ணினர். செப்டம்பர் 2ஆம் நாள், நீதித்துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் தாந்தோன் சட்டமன்றத்தில் எழுந்து, நகரில் ஒலிக்கப்போகும் மணி அபாய அறிவிப்பன்று, எதிரிகள்மீது பாயும் அழைப்பு என்று முழங்கி, நாட்டைக் காக்கத் தேவைப்படுவது 'ஒதாஸ்' என்னும் ஒரே சொல் என அச்சொல்லை மூன்று முறை அடுக்கிச் சொன்னார். 'ஒதாஸ்' என்பது 'அவுதாக்கியா'வின் பிரெஞ்சு வடிவம். சிசரோ குற்றவாளியின்மேல் எறிந்த சொல், இங்கே ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஏந்த வேண்டிய படைக்கலமாயிற்று. புரட்சியாளர்களில் பலர் ரோமானிய வரலாற்றில் ஊறியவர்கள். பழிக்கப்பட்ட ஒரு சொல்லைத் தாங்கள் நிமிர்த்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

அந்த உரையின் புகழ் இன்றும் மங்கவில்லை. பாரிசின் ஓதியோன் பகுதியில் 1891இல் நிறுவப்பட்ட தாந்தோன் சிலையின் பீடத்தில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உரை நிகழ்ந்த அதே நாளில் நடந்தவற்றையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். வெர்தன் அன்றே சரணடைந்தது. அன்று பிற்பகலில் தொடங்கி அடுத்த சில நாட்கள், பாரிசின் சிறைகளுக்குள் புகுந்த கும்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை வெட்டிக் கொன்றன. அப்படுகொலையில் தாந்தோனின் பொறுப்பு எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் தீராத வழக்கு. குறைந்தது, நீதித்துறை அமைச்சராக இருந்தும் அவர் அதைத் தடுக்கவில்லை. செப்டம்பர் 20இல் வால்மியில் பிரெஞ்சுப் படை எதிரியைத் தடுத்து நிறுத்தியது. மறுநாள் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1794 ஏப்ரல் 5இல், தம் 34ஆம் வயதில், தாந்தோன் தாமே உருவாக்கத் துணைநின்ற புரட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பால் கில்லட்டினுக்கு இரையானார். அந்த ஒரு சொல் நாட்டைக் காத்ததா, கட்டுகளை அறுத்துவிட்டதா என்று கேட்டால், இரண்டையும் செய்தது என்பதே உண்மைக்கு நெருக்கமான விடை.

ஆங்கிலேயர்கள் இச்சொல்லின் நற்பொருளுக்குத் தங்கள் கடற்படையில் இடம் கொடுத்தனர். துணிச்சல்மிக்கது எனப் பொருள்படும் 'ஆடேஷியஸ்' என்னும் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1798இல் நைல் போரில் நெல்சனின் அணியில் நின்று போரிட்டது. அதன்பின் அப்பெயர் பல கப்பல்களுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று, 1914 அக்டோபர் 27இல் அயர்லாந்தின் வடகரைக்கு அப்பால் ஜெர்மானியக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. அருகில் வந்த ஒலிம்பிக் பயணக் கப்பலிலிருந்து பயணிகள் அக்காட்சியைப் படம் எடுத்திருந்தும், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அந்த இழப்பைப் போர் முடியும்வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. 1918 நவம்பரில்தான் அறிவித்தது.

இதற்கிடையில், இச்சொல்லின் துடுக்குப் பொருளும் தன் வழியில் உயர்ந்துகொண்டிருந்தது. லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், நள்ளிரவில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பங்கள் கேட்கும் நண்பனைப் பற்றி இயேசு சொன்ன உவமை வருகிறது. நட்புக்காக எழுந்து தராவிட்டாலும், கேட்பவனின் 'அனாய்தெயா'வுக்காகவாவது வீட்டுக்காரன் எழுந்து தருவான் என்கிறது கிரேக்க மூலம். அச்சொல்லின் நேர்ப்பொருள் வெட்கமின்மை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை விடாமல் நச்சரித்தல் என்று மென்மைப்படுத்தியது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பு வருந்திக் கேட்டல் என்று இன்னும் பணிவாக்கியது. 2011இல் திருத்தி வெளியிடப்பட்ட புதிய சர்வதேச ஆங்கிலப் பெயர்ப்போ மூலத்தின் கூர்மையைத் திரும்பக் கொண்டுவந்து, 'வெட்கமற்ற ஆடாசிட்டி' என்றே எழுதியது. இறைவனிடம் வேண்டுவோர்க்கு முன்மாதிரியாக வெட்கமற்ற துணிச்சலை நிறுத்துவது பக்தியுள்ளவர்களுக்கு அதிர்ச்சி தரலாம். ஆனால் யூத மரபிலும் இதே சிந்தனை உண்டு. துடுக்குத்தனத்தைக் குறிக்கும் 'ஹுட்ஸ்பா' என்னும் சொல்லைப் பழிச்சொல்லாகவே ஆண்ட யூத மறைநூல் உரைகள், வானத்தை நோக்கிக் காட்டும் துடுக்குகூடப் பலிப்பதுண்டு என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கின்றன. அச்சொல்லும் இத்திஷ் மொழி வழியாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து, பாதிப் பழியும் பாதி வியப்புமாக 'ஆடாசிட்டி'க்கு அருகில் அமர்ந்துகொண்டது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லைச் சந்தை எடுத்துக்கொண்டது. ஜிம் காலின்ஸ், ஜெரி போரஸ் ஆகிய இருவர் 1994இல் வெளியிட்ட மேலாண்மை நூல் ஒன்று, நிறுவனங்கள் தங்களுக்கு மாபெரும் 'ஆடேஷியஸ்' இலக்குகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று கற்பித்ததிலிருந்து, விற்பனை இலக்கு கூட இந்த அடைமொழியைத் தாங்கத் தொடங்கியது. 2000இல் வெளிவந்து, இன்று தமிழ் ஒலிப்பதிவாளர்கள் பலரும் பயன்படுத்தும் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கும் இதுவே பெயர். இழப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் ஒட்டப்படும்போது இச்சொல் தேய்ந்துபோகிறது. ஆபத்து இல்லாத துணிச்சலைக் குறிக்க அது உருவாகவில்லை.

அதற்கு முழு எடையும் திரும்பக் கிடைத்தது அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபை ஒன்றின் பிரசங்க மேடையில்தான். சிகாகோவின் டிரினிட்டி திருச்சபையின் போதகர் ஜெரமையா ரைட், ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் 1886இல் தீட்டிய 'நம்பிக்கை' என்னும் ஓவியத்தை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். அந்த ஓவியத்தில், கண்கள் கட்டப்பட்ட ஒரு பெண் உலக உருண்டையின்மேல் குனிந்து அமர்ந்திருக்கிறாள். அவள் கையிலுள்ள யாழில் ஒன்றைத் தவிர எல்லா நரம்புகளும் அறுந்துவிட்டன. எஞ்சிய ஒன்றின் ஒலியைக் கேட்க அவள் காது கொடுக்கிறாள். இதைப் பார்ப்பவருக்கு முதலில் இதன் தலைப்பு நம்பிக்கையின்மை என்றே தோன்றும் என்று 1904இல் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதியிருந்தார். ரைட் அந்த முரணையே பற்றிக்கொண்டு, எல்லாம் அறுந்த பின்னும் நம்புவதற்கு ஒருவருக்குத் தேவைப்படும் துணிச்சலை 'ஆடாசிட்டி' என்றார். நம்பிக்கையிலிருந்து துணிச்சல் பிறக்கிறது என்று அக்வினாஸ் சொன்னார். இங்கே நம்புவதே துணிச்சலாகிவிட்டது. அடிமை முறையையும் அதன் பின்வந்த இனஒதுக்கலையும் கடந்துவந்த மக்களுக்கு, தங்கள் தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவர்கள் என்று பிறர் வீசிய குற்றச்சாட்டு புதிதன்று. அந்தக் குற்றச்சாட்டையே மாலையாக அணிந்துகொள்ளும் வலிமை அச்சொல்லில் இருந்தது.

அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் ஒருவர் பராக் ஒபாமா. 1995இல் எழுதிய தன்வரலாற்று நூலிலேயே அதை உருக்கமாக விவரித்த அவர், 2004 ஜூலை 27இல் பாஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஆற்றிய உரையின் உச்சத்தில் 'நம்பிக்கையின் ஆடாசிட்டி' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். அப்போது அவர் இல்லினாய் மாநிலச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினர் மட்டுமே. நாட்டில் பெரும்பாலோர் அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர். 2006இல் அதே தொடர் அவருடைய இரண்டாம் நூலின் தலைப்பாயிற்று. 2008 நவம்பரில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டுத் தேர்தல் சூட்டில் அவரை எதிர்த்து வெளிவந்த நூல்களுள் ஒன்று, அவருடைய தலைப்பில் நம்பிக்கை என்னும் சொல்லை எடுத்துவிட்டு வஞ்சகம் என்னும் சொல்லை வைத்துக்கொண்டது. 'ஆடாசிட்டி'யை மட்டும் அது மாற்றவில்லை. காட்டிலினாவை நோக்கிச் சிசரோ அதை எறிந்த பொருளிலேயே அந்தச் சொல் அங்கும் நிற்கிறது.